அமிலத்தில் உறக்க மருந்துகள்: உடைவின் வேதியியலும் நம் பொறுப்பும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உறக்கத்தையும் மன அமைதியையும் தரும் மருந்துகள் அமிலக் கரைசலில் என்ன ஆகின்றன என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். ஒரு மருந்து உடலில் எப்படி வேலை செய்கிறது என்பதை நாம் விரிவாகப் படிக்கிறோம். அது அறிவில் பாதிதான். அந்த மருந்து எந்த இடத்தில் உடைகிறது, எதனால் உடைகிறது, உடைந்தது திரும்பச் சேருமா என்பது மறுபாதி. இந்த மறுபாதி தெரிந்ததால்தான் புதிய மருந்துகள் பிறந்தன. தண்ணீரில் கரையாத மருந்தை ஊசியாக்க முடிந்தது. இறந்தவர் உடலிலிருந்து மருந்தின் தடயத்தைக் கண்டெடுக்க முடிந்தது. ஆகவே, மருந்தின் உடைவைப் படிப்பது மருந்தையே படிப்பதாகும். இந்த ஒரு கருத்தை உங்கள் மனத்தில் பதியவைக்கவே வந்திருக்கிறேன்.

குளோரல் சொன்ன முதல் பாடம்

ஆய்வகத்தில் செய்யப்பட்ட முதல் உறக்க மருந்து குளோரல் ஹைட்ரேட். குளோரலை 1832-இல் ஜெர்மானிய வேதியியலர் லீபிக் உருவாக்கினார். அதற்கு உறக்கம் வரவழைக்கும் ஆற்றல் உண்டு என்று 1869-இல் பெர்லினில் ஆஸ்கர் லீப்ரைக் அறிவித்தார். குளோரல் காரக் கரைசலில் சிதைந்து குளோரோஃபார்மாக மாறும் என்பது அன்றைக்கே தெரியும். இரத்தம் சற்றே காரத்தன்மை உடையது; ஆகவே அதில் குளோரல் மெல்ல மெல்லக் குளோரோஃபார்மை விடுவிக்கும்; அது உறக்கம் தரும் என்று அவர் கணக்கிட்டார். மருந்து வேலை செய்தது. ஆனால் உடலில் நடப்பது வேறு என்று பிறகு தெரிந்தது. குளோரல் அங்கே டிரைகுளோரோஎத்தனாலாக மாறுகிறது. உறக்கம் தருவது அதுவே. இன்று குழந்தைகளுக்கு ஸ்கேன், இ.இ.ஜி. எடுக்குமுன் கொடுக்கப்படும் டிரைகுளோஃபாஸ் சிரப் இதே வழியில் வந்தது. அதுவும் உடலில் டிரைகுளோரோஎத்தனாலாகத்தான் மாறுகிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. குளோரலுக்கு அமிலம் பெரிய பகையல்ல, காரமே பகை. எல்லா மருந்துக்கும் அமிலம் ஒரே மாதிரி எமன் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அதனதன் பலவீனமான இடம் உண்டு. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே வேதியியலரின் வேலை.

கலங்குவது வேறு, உடைவது வேறு

மேலே போகுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மருத்துவமனையில் இரண்டு கேடுகளை அடிக்கடி ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

தயோபென்டால் ஒரு பார்பிட்யூரேட். அதன் சோடியம் உப்பைத் தண்ணீரில் கரைத்தால் கரைசலின் பி.எச். 10-க்கும் மேலே நிற்கும். மிடசோலம் ஊசியோ அமிலக் கரைசல், அதன் பி.எச். ஏறக்குறைய 3. இரண்டையும் ஒரே சிரிஞ்சில் இழுத்தால், தெளிவாக இருந்த இரு திரவங்களும் சேர்ந்த இடத்திலேயே பால்போல் வெளுக்கும். கொஞ்ச நேரம் வைத்திருந்தால் வெள்ளைத் துகள்கள் இறங்கத் தொடங்கும். இங்கே எந்த மூலக்கூறும் உடையவில்லை. அமிலம் கிடைத்ததும் தயோபென்டால் கரையாத வடிவத்துக்குத் திரும்பியது. காரம் கிடைத்ததும் மிடசோலமும் அப்படியே திரும்பியது. இதை வீழ்படிவு என்கிறோம். இது கண்ணுக்குத் தெரியும் கேடு. இரத்தக்குழாயில் போனால் அடைப்பு ஏற்படுத்தும்.

உடைவு அப்படியல்ல. தண்ணீர் மூலக்கூறு மருந்தின் பிணைப்பில் புகுந்து அதை அறுக்கிறது, இது நீராற்பகுப்பு. பெரும்பாலான நேரம் கரைசல் தெளிவாகவே இருக்கும். நிறம் மாறாது, மணம் மாறாது. மருந்து மட்டும் குறைந்துகொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாததால்தான் இந்த இரண்டாவது கேட்டுக்கு அறிவு கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அலமாரியில் கிடந்த மருந்து

பென்சோடயசெபைன் குடும்பத்துக்கு வருவோம். டயசெபாம், லோரசெபாம், நைட்ரசெபாம், அல்ப்ரசோலம், மிடசோலம் எல்லாம் இந்தக் குடும்பம்தான். இதன் தந்தை லியோ ஸ்டெர்ன்பாக். 1908-இல் பிறந்தவர். 1930-களில் போலந்தின் கிராகோவ் நகரில் சாயப்பொருள்களை நோக்கி ஒரு வகைச் சேர்மங்களை ஆராய்ந்தார். பின்னர் ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தில் சேர்ந்து, 1941-இல் அமெரிக்காவின் நட்லி நகரிலிருந்த அதன் ஆய்வகத்துக்குப் போனார். 1950-களின் நடுவில் மன அமைதி தரும் புதிய மருந்து வேண்டும் என்று நிறுவனம் கேட்டபோது, தம் பழைய கிராகோவ் சேர்மங்களைக் கையில் எடுத்தார். பலவற்றைச் செய்து பார்த்தார், எதற்கும் விளைவில்லை. கடைசியாக மெத்திலமைனுடன் வினைபுரியவைத்த ஒன்றைச் சோதனைக்கு அனுப்பாமலேயே வைத்துவிட்டு, வேறு வேலைக்குப் போய்விட்டார்.

1957-இல் ஆய்வகத்தை ஒழுங்குபடுத்தும்போது, அவருடைய சகப் பணியாளர் ஏர்ல் ரீடர் அந்தப் படிகத்தைப் பார்த்தார். அது லோவெல் ராண்டலின் சோதனைக்குப் போனது. விலங்குகளில் வியக்கத்தக்க அமைதியூட்டும் விளைவு தெரிந்தது. அதன் அமைப்பை ஆராய்ந்தபோதுதான், ஆறு அணுக்கள் கொண்ட வளையம் விரிந்து ஏழு அணு வளையமாக மாறியிருப்பது புலப்பட்டது. அதுவே குளோர்டயசெபாக்சைடு. 1960-இல் லிப்ரியம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

நம் பொருளுக்கு முக்கியமானது இதற்குப் பிறகு நடந்தது. குளோர்டயசெபாக்சைடு கசந்தது, காற்றின் ஈரத்தை இழுத்தது, கரைசலில் நிலைக்கவில்லை. அமிலக் கரைசலில் அது நீராற்பகுப்படைந்து மெத்திலமைன் பகுதியை இழந்து வேறொரு சேர்மமாகியது. இந்தச் சிதைவுப் பொருளைக் குப்பை என்று ஒதுக்காமல் சோதித்துப் பார்த்தார்கள். அதற்கும் அமைதியூட்டும் ஆற்றல் இருந்தது. அப்படியானால் உதிர்ந்துபோன பகுதி மருந்தின் வேலைக்குத் தேவையில்லை என்பது உறுதியாயிற்று. அந்தத் தெளிவிலிருந்து எளிமையான, அதிக வீரியமுள்ள மூலக்கூறுகளைத் தேடினார்கள். 1963-இல் டயசெபாம் வேலியம் என்ற பெயரில் வந்தது. ஒரு மருந்து அமிலத்தில் உடைந்த விதம் அடுத்த மருந்துக்கு வழிகாட்டியது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஏழு அணு வளையத்தின் இரு பலவீனங்கள்

டயசெபாமின் ஏழு அணு வளையத்தில் இரண்டு நைட்ரஜன்கள் உள்ளன. தண்ணீர் தாக்கக்கூடிய பிணைப்புகளும் இரண்டு. முதலாம், இரண்டாம் அணுக்களுக்கு நடுவே இருப்பது அமைடு பிணைப்பு. நான்காம், ஐந்தாம் அணுக்களுக்கு நடுவே இருப்பது நைட்ரஜனும் கார்பனும் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்த இடம். இதை அசோமெத்தின் பிணைப்பு என்பார்கள்.

அமிலத்தில் ஹைட்ரஜன் அயனிகள் மிகுதி. அவற்றில் ஒன்று நான்காம் இடத்து நைட்ரஜனில் ஒட்டிக்கொள்ளும்போது பக்கத்துக் கார்பன் எலக்ட்ரான் வறுமைக்கு உள்ளாகிறது. அந்தக் கார்பனைத் தண்ணீர் தாக்குகிறது, பிணைப்பு அறுகிறது, ஒரு பக்கம் கீட்டோன், மறுபக்கம் அமீன் என்று வளையம் திறந்துகொள்கிறது. அமைடு பிணைப்பு அறுந்தால் கார்பாக்சிலிக் அமிலமும் அரோமாட்டிக் அமீனும் உண்டாகின்றன. இரண்டுமே அறுந்துவிட்டால் டயசெபாம் இல்லை. எஞ்சுவது மஞ்சள் நிறமுள்ள ஒரு பென்சோபீனோன் சேர்மமும், கிளைசின் என்ற எளிய அமினோ அமிலமும்.

இந்த இரு அறுபடுதல்களும் ஒரே தன்மையுடையவை அல்ல. அசோமெத்தின் பிணைப்பு திருகாணி வைத்த காப்பு. திறந்தாலும் திரும்பப் பூட்டிக்கொள்ளும். அமைடு பிணைப்பு கண்ணாடி வளையல், உடைந்தால் உடைந்ததுதான். அமிலம் நீங்கி பி.எச். ஏறியதும், திறந்த வளையத்தின் அமீன் முனை கீட்டோன் முனையைத் தேடிச் சேர்ந்து தண்ணீரை வெளியேற்றி வளையத்தை மூடிக்கொள்கிறது. அமைடு அறுந்த மூலக்கூறுக்கு அந்த வழி நடைமுறையில் கிடையாது.

ஒரு மருந்து எந்த பி.எச்.-இல் எவ்வளவு வேகமாக உடைகிறது என்று வரைபடம் வரைந்தால், பெரும்பாலும் நடுவில் ஒரு பள்ளம் தெரியும். அமிலப் பக்கம் போனாலும் வேகம் ஏறும், காரப் பக்கம் போனாலும் ஏறும். பள்ளத்தின் அடியில் மருந்து நெடுநாள் நிற்கும். டயசெபாமுக்கு அந்த இடம் ஏறக்குறைய பி.எச். 5. பி.எச். ஒரு எண் இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்கு பெருகும் என்பதை நினைவில் வைத்தால், 5-இலிருந்து 2-க்கு இறங்குவது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும். அது ஆயிரம் மடங்கு.

இரைப்பையில் நடப்பது

உடனே ஒரு கேள்வி எழும். வெறும் வயிற்றில் இரைப்பைச் சாற்றின் பி.எச். 1-க்கும் 2-க்கும் நடுவே இருக்கிறது. அப்படியானால் வாய்வழி விழுங்கும் மாத்திரை அங்கேயே அழிந்துவிடாதா?

ஹான், யாகாட்டன், மேனஸ் என்ற மூவர் 1976, 1977 ஆண்டுகளில் ஜர்னல் ஆஃப் பார்மசூட்டிகல் சயின்சஸ் இதழில் வெளியிட்ட தொடர் கட்டுரைகள் இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டன. குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம், ஆக்ஸசெபாம், நைட்ரசெபாம் ஆகியவற்றின் நீராற்பகுப்பை அவர்கள் படிப்படியாகப் பின்தொடர்ந்தார்கள். நைட்ரசெபாமில் முதலில் திறப்பது அசோமெத்தின் பிணைப்புதான் என்பதும், பி.எச். உயர்ந்தால் வளையம் மீண்டும் மூடும் என்பதும் தெளிவாயின. ஆகவே இரைப்பையில் வளையம் திறந்த மருந்து, அமிலம் தணிந்த சிறுகுடலுக்குப் போனதும் மீண்டும் மருந்தாகி உறிஞ்சப்பட வழியுண்டு. மாத்திரை இரைப்பையில் தங்கும் நேரமும் குறைவு. அமைடு பிணைப்பு முழுக்க அறுந்துபோக அது போதாது. திரும்பச் சேரும் உடைவையும் சேராத உடைவையும் பிரித்தறியாமல் சோதனைக்குழாய் முடிவை நோயாளியின் வயிற்றுக்குப் பொருத்தக்கூடாது என்பதே இந்த ஆய்வு தந்த பாடம்.

மிடசோலம்: உடைவையே கருவியாக்கிய மருந்து

டயசெபாம் தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. அதனால் அதன் ஊசி மருந்தில் 40 சதவீதம் புரோப்பிலீன் கிளைக்கால், 10 சதவீதம் ஆல்கஹால், 5 சதவீதம் பென்சோயேட் தாங்கல், 1.5 சதவீதம் பென்சைல் ஆல்கஹால் சேர்க்க வேண்டியிருந்தது. இந்தக் கலவை இரத்தக்குழாயில் எரிச்சல் தந்தது; குழாய் வீங்கி வலித்தது. தசையில் போட்டால் ஒழுங்கில்லாமல் உறிஞ்சப்பட்டது. சலைனில் ஊற்றினால் கலங்கியது. போதாக்குறைக்கு, பி.வி.சி. பிளாஸ்டிக் பையும் குழாயும் மருந்தை உறிஞ்சிக்கொண்டன.

1970-களின் நடுவில் அதே ரோஷ் நிறுவனத்தில் வால்சர், ஃப்ரையர் ஆகியோர் வேறு வழியில் யோசித்தார்கள். அமைடு பிணைப்பு இருந்த இடத்தில் ஐந்து அணு கொண்ட இமிடசோல் வளையத்தைப் பொருத்தினார்கள். இந்த ஒரு மாற்றத்தால் இரண்டு நன்மைகள் விளைந்தன. இமிடசோலின் நைட்ரஜன் அமிலத்தோடு உப்பாகச் சேர்வதால் மருந்து தண்ணீரில் கரைந்தது. உடைந்தால் சேராத அமைடு பிணைப்பு அங்கே இல்லாமலே போனதால், எஞ்சியது திறந்து மூடும் அசோமெத்தின் பிணைப்பு மட்டுமே.

ஆம்பூலில் பி.எச். ஏறக்குறைய 3-இல் இருக்கும் மிடசோலத்தில் ஒரு பகுதி மூலக்கூறுகள் வளையம் திறந்த நிலையிலேயே இருக்கின்றன. திறந்த வடிவத்துக்குத் தண்ணீர் மேல் பற்று அதிகம். அது உடலுக்குள் போய் பி.எச். 7.4 உள்ள இரத்தத்தைச் சந்திக்கும்போது, ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு ஏறக்குறைய 25,000 மடங்கு குறைகிறது. வளையம் நிமிடக் கணக்கில் மூடிக்கொள்கிறது. மூடிய வடிவம் கொழுப்பில் கரைவது. மூளையின் தடுப்பைத் தாண்டி விரைவாக உள்ளே போகிறது. வெளியே தண்ணீரில் கரையும், உள்ளே கொழுப்பில் கரையும் என்ற இந்த இரட்டைக் குணம் அமிலத்தில் நடக்கும் உடைவிலிருந்து கிடைத்தது.

இதன் பயனை நோயாளியின் பக்கத்தில் பார்ப்போம். நிற்காத வலிப்போடு வந்தவர்களுக்கு, மருத்துவமனை சேருமுன் ஆம்புலன்ஸிலேயே மருந்து கொடுத்து ஒப்பிட்ட ராம்பார்ட் ஆய்வு 2012-இல் வெளியானது. தசையில் மிடசோலம் பெற்றவர்களில் 73.4 சதவீதத்தினர், கூடுதல் மருந்து இல்லாமலேயே வலிப்பு நின்று மருத்துவமனை சேர்ந்தார்கள். இரத்தக்குழாயில் லோரசெபாம் பெற்றவர்களில் அது 63.4 சதவீதம். துடித்துக்கொண்டிருப்பவர் கையில் இரத்தக்குழாயைத் தேடும் நேரம் மிச்சமானது இதற்கு முக்கியக் காரணம். ஆனால் தசையில் போட்டால் ஒழுங்காக உறிஞ்சப்படும் நீர்க்கரைசல் கிடைத்ததால்தான் அந்த நேரத்தை மிச்சப்படுத்த முடிந்தது.

இதற்கு விலையும் உண்டு. அதே கரைசலை மூக்கில் தெளித்தால் எரிகிறது. வீட்டில் வலிப்பு வரும் குழந்தைக்கு மூக்கு ஸ்பிரே கொடுக்கும் தாய்மார்கள் இதை அறிவார்கள். அந்த எரிச்சலுக்கு அமிலத்தன்மையும் ஒரு காரணம் என்று மருந்தாளுநர் சொல்லிக்கொடுத்தால், பயந்து பாதியில் நிறுத்தமாட்டார்கள்.

தடயவியல் மேசையில்

உடைவைக் கருவியாக்கிய இன்னொரு துறை தடயவியல். சென்னை மாகாணத்தில் 1849-லேயே வேதிப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கப்பட்டது. நச்சு ஆய்வில் நமக்கு நீண்ட மரபு உண்டு. இந்தக் குடும்பத்து மருந்தை அடையாளம் காட்டும் பழைய சோதனை ஒன்றை மாணவர்கள் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். குளோர்டயசெபாக்சைடை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு கொதிக்கவைத்து, ஆறவைத்து, சோடியம் நைட்ரைட் சேர்த்து, பிறகு காரத்தில் கரைத்த பீட்டா நாஃப்தாலில் ஊற்றினால் செந்நிறச் சாயம் பளிச்சென்று தோன்றும். அமிலம் மருந்தை முற்றாக உடைத்து அமீன் தொகுதியை வெளிக்கொணர்ந்ததால் வந்த நிறம் அது.

ஆனால் இந்த முறைக்கு எல்லை உண்டு. குளோர்டயசெபாக்சைடை உடைத்தாலும் ஆக்ஸசெபாமை உடைத்தாலும் கிடைப்பது ஒரே பென்சோபீனோன். டயசெபாமுக்கும் டெமசெபாமுக்கும் பொதுவாக இன்னொன்று. எந்தக் குடும்பம் என்று தெரியும். எந்த மருந்து என்று தெரியாது. வழக்கில் ஒருவருடைய விதி அந்த வேறுபாட்டைப் பொறுத்து இருக்கலாம். அதனால்தான் இன்று, சிறுநீரில் கட்டுண்டு கிடக்கும் மருந்தை நொதியால் மென்மையாகப் பிரித்து, மூலக்கூறு உடையாமல் நிறைமாலைமானியால் அடையாளம் காண்கிறார்கள்.

வெப்பமும் பொறுப்பும்

உடைவின் வேகத்தை அமிலம் மட்டும் தீர்மானிப்பதில்லை. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் பெரும்பாலான வினைகள் இரண்டிலிருந்து மூன்று மடங்கு வேகமடையும். ஐரோப்பாவின் மிதமான நாடுகளுக்கு 25 டிகிரியில் நீண்டகால நிலைத்தன்மைச் சோதனை செய்கிறார்கள். நம் நாட்டுக்கு 30 டிகிரியில். நம் கோடையில் நிறுத்திவைத்த வண்டிக்குள்ளோ தகரக் கூரை அறைக்குள்ளோ வெப்பம் 40-ஐத் தாண்டுவது அனைவரும் அறிந்தது. காலாவதித் தேதி என்பது பெட்டியில் எழுதிய வெப்பநிலையில் வைத்திருந்தால் மட்டுமே செல்லுபடியாகும் வாக்குறுதி. லோரசெபாம் ஊசியைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொல்வதும் இதனால்தான். மின்சாரம் போய்வரும் ஊர்களில் அறை வெப்பநிலையில் நிற்கும் மிடசோலம் அவசர சிகிச்சைக்கு எவ்வளவு பெரிய துணை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாணவச் செல்வங்களே, நீங்கள் நாளை மருந்தகத்திலும் ஐ.சி.யூ.விலும் நிற்கப்போகிறவர்கள். உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். மிடசோலம் போகும் அதே குழாயில் சோடியம் பைகார்பனேட்டையோ வேறு காரக் கரைசலையோ ஒருபோதும் செலுத்தாதீர்கள். பொருந்துமா என்று பட்டியலைப் பார்த்த பிறகே எந்த இரு மருந்தையும் சேருங்கள். தெளிவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்தக் கரைசலையும் நல்லது என்று நம்பாதீர்கள். கலந்த நேரத்தையும் தேதியையும் பாட்டிலின் மேல் எழுதுங்கள். மருந்து வைத்திருக்கும் அறையில் வெப்பமானி மாட்டச் சொல்லிக் கேளுங்கள். அதன் அளவை நாள்தோறும் குறித்துவையுங்கள்.

பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருந்தின் செயலைக் கற்பிக்கும் அதே வகுப்பில் அதன் உடைவையும் கற்பியுங்கள், பி.எச். வரைபடத்தை வார்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். உறக்க மருந்து வாங்கும் நோயாளி தன் விழிப்பையே நம் கையில் ஒப்படைக்கிறார். அவருக்குள் போகும் ஒவ்வொரு சொட்டிலும் எழுதிய அளவு மருந்து இருக்கிறது என்று உறுதி சொல்ல வேண்டிய கடமை நம்முடையது.